டாக்டர் சொன்னதில் நான் விட்ட பாதி

என் தம்பி மகளால் வலது கையைத் தூக்க முடியாமல் போனதற்கு நான்தான் காரணம்.

விதி இல்லை. டாக்டர் இல்லை. பெற்றவள் இல்லவே இல்லை. நான்! நான்கு வருடங்களாக இதை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன், ஏனென்றால் உங்களை எனக்குத் தெரியாது. நீங்கள் எழுந்து வந்து என் முகத்தில் துப்பப் போவதில்லை.

நான் யாரையும் அடித்தவள் இல்லை. யார் சோற்றிலும் மண்ணைப் போட்டவள் இல்லை. நான் செய்தது ஒன்றே ஒன்றுதான். ஒரு டாக்டர் கன்னடத்தில் சொன்னதைத் தமிழில் பாதி மட்டும் சொன்னேன்... அவ்வளவுதான். கேட்க எவ்வளவு சின்னதாக இருக்கிறது, பார்த்தீர்களா?

இதை நான் எங்கே கற்றுக்கொண்டேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஓசூரைத் தாண்டிப் பசுமைக்குடில்களில் ரோஜா வளர்க்கிறார்களே, அப்படி ஒரு தோட்டத்தின் பேக்கிங் கொட்டகையில் நான் மேஸ்திரி. முதலாளி கன்னடக்காரர். பூ வெட்டுகிறவர்களில் பாதிப் பேர் தெலுங்கு, மீதிப் பேர் தமிழ். எனக்கு மூன்றும் தண்ணீர் பட்ட பாடு. பிறந்தது இந்தப் பக்கம், வாழ்க்கைப்பட்டது எல்லைக்கு அந்தப் பக்கம், ஆனேக்கல் அருகே.

முதலாளி வந்து, "இந்தச் சோம்பேறிக் கழுதைகளுக்குக் கண் எங்கே இருக்கிறது?" என்று கன்னடத்தில் கத்துவார். நான் திரும்பி, "ஐயா கொஞ்சம் பாத்து வெட்டச் சொல்றாரு" என்பேன். அவர்கள் அவருடைய பரம்பரையையே இழுத்து முணுமுணுப்பார்கள். நான் அவரிடம் திரும்பி, "சரிங்கிறாங்க, ஐயா" என்பேன். எல்லோருக்கும் என்னைப் பிடிக்கும். கேட்டதைக் கேட்டபடி சொல்லியிருந்தால் அந்தக் கொட்டகையில் தினம் ஒரு வெட்டுக்குத்து நடந்திருக்கும். என் வாயால் நாற்பது பேர் நிம்மதியாகச் சாப்பிடுகிறார்கள் என்று எனக்குள் ஒரு கர்வம்.

அந்தக் கர்வத்தோடுதான் இசக்கியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன்.

இசக்கி என் தம்பி சீனுவின் மனைவி. திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமம். பன்னிரண்டாவது முடித்ததும் சிப்காட்டில் போன் பாகங்கள் பூட்டும் வேலைக்கு வந்தவள். அதே கம்பெனியில் சீனு. காதல் கல்யாணம். அவள் வீட்டில் அன்றோடு கைகழுவி விட்டார்கள். எங்களுக்கும் அம்மா இல்லை. ஆகவே அவளுக்கு வளையல் அடுக்கியது நான், மசக்கைக்குப் புளி வாங்கிக் கொடுத்தது நான், மாதா மாதம் பஸ் ஏற்றி எல்லையைத் தாண்டி அழைத்துப் போனதும் நான். சீனுவுக்கு ஷிஃப்ட். லீவு கேட்டால் சூப்பர்வைசர் முகத்தைச் சுளிப்பான்.

அவள் என்னை "மதினி" என்பாள். எங்கள் பக்கம் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அந்தச் சொல்லைக் கேட்கவே அவளிடம் பேச்சுக் கொடுப்பேன். அவளுக்கு இந்த ஊரில் என்னை விட்டால் வேறு நாதி இல்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்தே செய்தேன்!

அந்த ஆஸ்பத்திரிக்கு அப்போது புதிதாக ஒரு டாக்டரம்மா வந்திருந்தார். வட கர்நாடகக்காரர், தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. இசக்கிக்குக் கன்னடம் தெரியாது. நடுவில் நான் உட்கார்ந்திருந்தேன்.

ஒன்பதாவது மாதம் ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்தார், அவள் வயிற்றைப் பார்த்தார், பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் நிதானமாகப் பேசினார். அவர் சொன்னதை இன்று உங்களுக்கு முழுதாகச் சொல்கிறேன். அவளுக்குத்தான் சொல்லவில்லை, உங்களுக்காவது...

"குழந்தை பெரியது. நாலே கால் கிலோவுக்கு மேல் காட்டுகிறது. ஸ்கேன் எடை முன்னே பின்னே இருக்கலாம், கூடவும் இருக்கலாம். இவளுக்குச் சர்க்கரையும் இருக்கிறது. நார்மலாகப் பிறக்காது என்று நான் சொல்லவில்லை, இப்படிப் பல குழந்தைகள் பிறந்திருக்கின்றன. ஆனால் தலை வந்த பிறகு தோள் மாட்டிக்கொள்ளலாம். அப்படியானால் கை நரம்புக்கோ உயிருக்கோ ஆபத்து. ஆபரேஷனிலும் கஷ்டம் உண்டு. தையல் ஆற வேண்டும், அடுத்த பிரசவத்தையும் யோசிக்க வேண்டும். என்னைக் கேட்டால் ஆபரேஷன்தான் மேல். ஆனால் முடிவு அவளுடையது. எல்லாவற்றையும் சொல்லி, அவளைக் கேட்டுச் சொல்லுங்கள்."

கேட்டுச் சொல்லுங்கள்... அதற்குத்தானே நான் அங்கே உட்கார்ந்திருந்தேன்?

இசக்கி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன மதினி, ரொம்ப நேரமா பேசுதாவ? புள்ளைக்கு ஒண்ணும் இல்லியே?"

"ஒண்ணும் இல்ல. புள்ள நல்ல வளர்த்தியாம். நார்மல்லயே ஆவும்னு சொல்றாங்க. பயப்படாத."

அவள் பெருமூச்சு விட்டாள். பிறகு என்ன சொன்னாள், தெரியுமா? கேட்காமலே சொன்னாள்.

"எனக்கு எப்படின்னாலும் சரிதான் மதினி. கத்தி வைக்கணும்னாலும் வைக்கட்டும். புள்ளைக்கு எது நல்லதோ அதைச் செய்யச் சொல்லுங்க."

நான் டாக்டரம்மாவிடம் திரும்பினேன். "அவளுக்கு நார்மல்தான் வேண்டுமாம்" என்று கன்னடத்தில் சொன்னேன்.

டாக்டரம்மாவுக்குத் திருப்தி இல்லை. அவளைப் பார்த்து, "நார்மல்... ஓகே?" என்று விரலை ஆட்டிக் கேட்டார். இசக்கி சிரித்தபடி தலையாட்டினாள். டாக்டரே நார்மல் என்கிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள். இவள்தான் நார்மல் கேட்கிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார். ஒரு தாளை நீட்டினார்கள். எங்கே கையெழுத்து என்று நான்தான் விரல் வைத்துக் காட்டினேன்.

ஏன் செய்தாய் என்று கேட்பீர்கள். நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

என் மகளை எனக்கு ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள். தையல் சீழ் பிடித்தது. இரண்டு மாதம் நிமிர்ந்து நடக்க முடியவில்லை. குடம் தூக்க முடியாத மருமகள் எதற்கு என்று மாமியார் ஒரு நாள்கூட விடாமல் கேட்டாள். வருகிற போகிறவர்களிடமெல்லாம், "நோவு தெரியாம பெத்தவ" என்று என்னைக் காட்டுவாள். பதினான்கு வருடம் ஆகியும் மழை நாளில் அந்த இடம் இழுக்கிறது. அது இவளுக்கு வேண்டாம் என்று நினைத்தேன். அன்பு என்றே நினைத்தேன்.

அன்பு மட்டும்தானா? எதற்கு இனிமேலும் மூடி மறைக்க வேண்டும்! என் பிறந்த வீட்டுப் பெண் ஒருத்தியாவது கத்தி இல்லாமல் பெற்றாள் என்று அந்த மாமியார் முன்னால் நான் நிமிர்ந்து நிற்க வேண்டியிருந்தது. அதற்கு இசக்கியின் வயிற்றை எடுத்துக்கொண்டேன். அவளைக் கேட்டிருந்தால் அவள் ஆபரேஷன் என்று சொல்லியிருப்பாள். அது தெரிந்ததால்தான் கேட்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. எனக்குப் பழக்கமாகிவிட்டது. பயமுறுத்துகிற சொற்களை வடிகட்டிவிட்டு மீதியைக் கொடுப்பது... பதினைந்து வருடம் அப்படித்தானே செய்தேன்? ஒரு தடவைகூட எதுவும் கெட்டுப்போனதில்லையே!

சீனுவிடமும் போனில், "நார்மலுக்குப் பாக்கலாம்னு டாக்டரே சொல்லிட்டாங்க" என்றேன். அவன் சந்தோஷப்பட்டான்.

பத்து நாள் கழித்து வலி வந்தது. காலையில் சேர்த்தோம். பதினொரு மணி இருக்கும், நர்ஸ் வெளியே வந்து என்னைக் கூப்பிட்டாள். பாஷை தெரிந்தவர் ஒருவர் உள்ளே வேண்டும் என்றாள். எனக்குப் பச்சை அங்கியை மாட்டிவிட்டார்கள்.

டாக்டரம்மா சொல்வதை அவள் காதருகே சொல்லிக்கொண்டிருந்தேன். மூச்சை இழு. அடக்கு. இப்போது முக்கு. அவள் நன்றாகவே முக்கினாள். என் கையில் அவளுடைய நகம் பதிந்தது. தலை வந்துவிட்டது என்றார்கள். நான் தலைமுடியைக்கூடப் பார்த்துவிட்டேன், கருகருவென்று...

அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

டாக்டரம்மாவின் குரல் மாறியது. முக்க வேண்டாம், நிறுத்தச் சொல் என்றார். சொன்னேன். காலை மடக்கு, மார்போடு சேர்த்துப் பிடி என்றார். ஒரு காலை நர்ஸ் பிடித்தாள், மறுகாலை நான் பிடித்தேன். இன்னொரு நர்ஸ் அடிவயிற்றில் கையை வைத்து அழுத்தினாள். இசக்கி போட்ட சத்தம்... வேண்டாம், அதைச் சொல்ல என்னால் முடியாது. அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் ஒன்று விடாமல் அவளுக்குச் சொன்னேன். கூட்டவில்லை, குறைக்கவில்லை. அன்றைக்குத்தான் நான் ஒழுங்காக மொழிபெயர்த்தேன். பத்து நாள் தாமதமாக!

குழந்தை நீலமாக வந்தாள். அழவில்லை. தூக்கிக்கொண்டு ஓடினார்கள். எத்தனை நிமிடம் என்று எனக்குத் தெரியாது. கடிகாரம் எதிரிலேயே இருந்தது, நான் பார்க்கவில்லை. பிறகு பக்கத்து அறையிலிருந்து ஒரு சின்ன முனகல், பிறகு அழுகை. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

நாலு கிலோ அறுநூறு. இடது கையை வீசி வீசி அழுதாள். வலது கை போட்டது போட்டபடி கிடந்தது.

மறுநாள் டாக்டரம்மா வார்டுக்கு வந்தார். கழுத்துப் பக்கம் நரம்பு இழுபட்டிருக்கிறது, பல குழந்தைகளுக்குச் சில மாதங்களில் சரியாகிவிடும், சிலருக்கு முழுதாக வராது, பயிற்சி தரவேண்டும் என்றார். அவர் கண்ணும் சிவந்திருந்தது. போகிறபோது என்னிடம் மெல்லக் கேட்டார். "அன்றே சொன்னேனே அம்மா... நான் இன்னும் கொஞ்சம் வற்புறுத்தியிருக்க வேண்டுமோ? ஏன் வேண்டாம் என்றாள்?"

அப்போது உண்மையைச் சொல்லியிருக்கலாம். யோசித்துப் பாருங்கள், அந்தக் கட்டிலருகே கன்னடம் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். சொல்லி அழுதிருக்கலாம்.

"அவளு ஹடமாரி, டாக்டர்" என்றேன். அவள் பிடிவாதக்காரி, நான் எவ்வளவோ சொன்னேன், கேட்கவில்லை என்றேன்.

அவளை வைத்துக்கொண்டே சொன்னேன்! கட்டிலில் சாய்ந்து, குழந்தையை மார்பில் போட்டுக்கொண்டு, அவள் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளுக்காக டாக்டரிடம் பரிந்து பேசுகிறேன் என்று நினைத்து, என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன மதினி சொன்னாவ?"

"யார் மேலயும் தப்பு இல்லன்னு சொன்னாங்க."

அவள் நம்பவில்லை. என்னை நம்பினாள், அந்த வார்த்தையைத்தான் நம்பவில்லை. "எனக்குச் சரியா முக்கத் தெரியல மதினி. அதான் புள்ள மாட்டிக்கிட்டு" என்று அன்று சொன்னவள், நான்கு வருடமாக அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

ஆஸ்பத்திரி ஃபைலில் ஒரு பக்கத்தில், ஆபரேஷன் பற்றி எடுத்துச் சொல்லப்பட்டது, நோயாளி நார்மலை விரும்பினார் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. என் மகளை விட்டுப் படிக்கச் சொல்லித் தெரிந்துகொண்டேன். வீடு மாற்றும்போது ஃபைல் தொலைந்துவிட்டது என்று சீனுவிடம் சொன்னேன். அது என் பீரோவில், பட்டுப்புடவைக்கு அடியில் இருக்கிறது. கிழித்துப் போடவும் துணிவில்லை.

குழந்தைக்குக் கயல் என்று பெயர். கை ஓரளவு வந்தது. மார்பு வரை தூக்குவாள், அதற்கு மேல் வராது. சட்டை போட இன்னொருவர் வேண்டும். பள்ளிக்கூட ஆண்டு விழாவில் எல்லாப் பிள்ளைகளும் இரண்டு கையையும் தூக்கி ஆட வேண்டிய பாட்டு. டீச்சர் இவளைக் கடைசி வரிசையில் நிறுத்தியிருந்தாள். கயல் இடது கையால் வலது கையைப் பிடித்துத் தூக்கிவிட்டுக்கொண்டு ஆடினாள். எல்லோரும் கைதட்டினார்கள். நான் தண்ணீர் குடிக்கப் போவதுபோல் வெளியே போய்விட்டேன்.

வாரம் இரண்டு தடவை பெங்களூருக்குப் பிசியோதெரபி. வேலையை விட்டுவிட்டு இசக்கி தனியாகவே பஸ்ஸில் தூக்கிக்கொண்டு அலைந்தாள். அந்த அலைச்சலில் அவளுக்குக் கன்னடம் வந்துவிட்டது. ஆட்டோக்காரனிடமும், நர்ஸிடமும், கூட உட்கார்ந்திருக்கும் தாய்மார்களிடமும் பேசிப் பேசிக் கற்றுக்கொண்டாள். திருநெல்வேலி இழுப்போடு அவள் பேசும் கன்னடத்தைக் கேட்டால் சிரிப்பு வரும். நான் மட்டும் பேச்சைத் தமிழுக்கு இழுத்துவிடுவேன்.

இப்போது அவளுக்கு இரண்டாவது. ஒன்பதாவது மாதம் நடக்கிறது. மறுபடி சர்க்கரை, மறுபடி பெரிய குழந்தை. கயலுக்குப் பயிற்சி தருகிற பெங்களூர் ஆஸ்பத்திரியிலேயே பார்க்கிறாள். போன வாரம் நானும் கூடப் போனேன். இளவயது டாக்டர், கன்னடத்தில் பேசத் தொடங்கினார். பழக்க தோஷத்தில் நான் வாயைத் திறந்தேன்.

"இருங்க மதினி. எனக்கே வெளங்குது" என்றாள் இசக்கி.

டாக்டர் முதல் பிரசவத்தைப் பற்றிக் கேட்டார். அவள் தட்டுத்தடுமாறிச் சொன்னாள். தலை வந்தது, தோள் வரவில்லை, குழந்தைக்குக் கை போயிற்று. கடைசியில், "நந்தே தப்பு, டாக்டர்" என்றாள். என் தப்புதான். எனக்கு முக்கத் தெரியவில்லை.

அந்தப் பெண் கற்றுக்கொண்ட கன்னடத்தில் இதுவும் ஒரு வாக்கியம்!

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். தோள் மாட்டுவதற்கும் முக்குவதற்கும் சம்பந்தமே இல்லை, யார் உங்களுக்கு இப்படிச் சொன்னது என்றார். குழந்தை பெரியது என்று முன்னாலேயே சொல்லவில்லையா, ஆபரேஷன் செய்துகொள்ளலாம் என்று கேட்கவில்லையா என்றார்.

"இல்லை, சொல்லவே இல்லை" என்றாள் அவள். பிறகு சாட்சிக்கு என் பக்கம் திரும்பினாள். "சொல்லலல்லா, மதினி?"

டாக்டரும் என்னைப் பார்த்தார்.

உங்களால் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்க முடியுமா? என்னால் முடிந்தது. அவளுடைய நான்கு வருடப் பாரத்தை ஒரே வார்த்தையில் இறக்கி வைத்திருக்கலாம், அவள் சுமந்தது என்னுடையது என்று சொல்லியிருக்கலாம். கயலின் முகம் வந்தது, சீனு முகம் வந்தது... அதற்குமேல் அந்த "மதினி" என்கிற சொல் இனி என் வீட்டில் கேட்காது என்கிற பயம் வந்தது.

"சொல்லல" என்றேன். டாக்டருக்காகக் கன்னடத்திலும் ஒரு தடவை சொன்னேன்.

அந்தப் பழைய டாக்டரம்மா, அன்று கண் சிவக்க நின்ற நல்ல மனுஷி, அவர் தலையில் பழியைத் தூக்கிப் போட்டேன்.

ஆபரேஷன் என்று முடிவாயிற்று. டாக்டர் இரண்டு வழிகளின் நன்மை தீமைகளையும் அவளிடமே விளக்கினார். அவளே கேள்வி கேட்டாள், அவளே முடிவு சொன்னாள். முழுக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்தோம். இசக்கி அழ ஆரம்பித்தாள். தேம்பித் தேம்பி அழுதாள். பழம் விற்றுக்கொண்டிருந்த ஒருத்தி எழுந்து வந்து தண்ணீர் கொடுத்தாள்.

"என் தப்பு இல்லையாம் மதினி... என் தப்பு இல்லையாம்லா..."

நான் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன். அழுகை அடங்கி, முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவள் வெறும் ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"தெரிஞ்சும் எங்கிட்ட சொல்லாம மறைச்சாளே, அவ நல்லா இருப்பாளா மதினி?"

"இருக்க மாட்டா" என்றேன்.

"எம்புள்ள கை அவளைச் சும்மா விடாது."

"ஆமா, இசக்கி."

அவள் என் தோளில் சாய்ந்துகொண்டாள். ஓசூர் வரும் வரை அப்படியே தூங்கினாள். நிறைமாத வயிறு என் இடுப்பில் இடித்துக்கொண்டே வந்தது. உள்ளே இருக்கிற குழந்தை இரண்டு தடவை உதைத்தது எனக்கும் தெரிந்தது.

உங்களிடம் சொல்லிவிட்டேன். பாரம் இறங்கும் என்று யாரோ சொன்னார்கள். எங்கே இறங்கியது? அவளிடம் சொல்ல வேண்டியதை உங்களிடம் சொன்னால் எப்படி இறங்கும்!

வரும் வியாழக்கிழமை காலை ஆபரேஷன். சீனுவுக்கு லீவு கிடைத்திருக்கிறது, ஆனாலும் கூட இருப்பவர் பெயர் எழுதும் இடத்தில் இசக்கி என் பெயரைத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறாள். பிள்ளையை முதலில் நான்தான் கையில் வாங்க வேண்டுமாம்.